வேதாகம மென்பொருளில் எழுதும் குறிப்பு கைவிட்டுப் போகாமல் இருக்க

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. யோவான் 3:16-ஐத் திறந்து ஒரு வரி குறிப்பு எழுதுங்கள். அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று மெனுவில் தேடுங்கள். ஐந்து நிமிடத்தில் அகப்படவில்லையா, அந்த மென்பொருள் வேண்டாம்.

எங்கள் சபை ஐயர் பதினொரு வருஷப் பிரசங்கக் குறிப்புகளை ஒரு பழைய விண்டோஸ் மென்பொருளில் வைத்திருந்தார். கம்ப்யூட்டர் மாற்றியதும் அது திறக்க மறுத்தது. ஹார்ட் டிஸ்க்கை என்னிடம் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் எல்லாம் பாமினி எழுத்துரு. திரையில் தமிழ், உள்ளே கிடப்பதோ ஆங்கில எழுத்துகள். மீட்டெடுக்க எனக்கு நான்கு சனிக்கிழமை போயிற்று. ஆகவே எல்லாக் கருவியும் தமிழாகவே படிக்கிற பொது எழுத்துமுறையான யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் குறிப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் சரி.

அடுத்தது வசன எண். இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சங்கீதம் 51 நம் வேதாகமத்தில் 19 வசனம், எபிரெயப் பதிப்பில் 21. தலைப்பையும் அங்கே வசனமாக எண்ணுகிறார்கள். மல்கியா நமக்கு நான்கு அதிகாரம், அவர்களுக்கு மூன்று. குறிப்பில் வெறும் எண்ணை விட்டுவிடாமல் வசனத்தின் முதல் இரண்டு சொற்களையும் சேர்த்து எழுதுங்கள். எந்த மென்பொருளுக்குப் போனாலும் தேடி எடுத்துவிடலாம்.

எதைப் போடுவது என்று கேட்டால், முதலில் கிராஸ்வயர் என்ற வேதாகமச் சங்கத்தின் ஸ்வோர்ட் கோப்பு வடிவத்தைப் படிக்கிற இலவச மென்பொருள்களைப் பாருங்கள். போனில் ஆண்ட்பைபிள், கம்ப்யூட்டரில் ஸிஃபோஸ். ஒரே வேதாகமத் தொகுப்பு இரண்டிலும் ஓடும்.

விளக்கவுரை நூல்களைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கவனிக்க: அதே நூல் மென்பொருள் தயாரிப்பாளரின் தளத்திலும் விற்றால் அங்கேயே வாங்குங்கள். பெரும்பாலும் அது உங்கள் பெயரில் அவர்களிடம் இருக்கும். ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்குப் போனாலும் கூட வரும். ஆப் ஸ்டோர் வழியாக வாங்கினால் 30 சதவீதம் வரை கமிஷன் வேறு. இந்த வாசலைத் திறக்கத்தான் வழக்குகள் நடந்தன. 2021 செப்டம்பரில், எபிக் என்ற கேம் கம்பெனி ஆப்பிள் மீது போட்ட வழக்கில் அமெரிக்க நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ், ஆப் தயாரிப்பாளர்கள் வெளியே பணம் கட்டும் வழியைக் காட்டுவதை ஆப்பிள் தடுக்கக்கூடாது என்றார். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் பிளே ஸ்டோர் கட்டண விதிக்காக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

ஆனாலும் வழக்கை நம்பிக் காத்திருக்காதீர்கள். விண்டோஸோடு தன் பிரவுசர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையும் சேர்த்துக் கொடுத்துப் போட்டியை நசுக்குகிறது என்று மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு 1998 மே மாதம் வழக்குப் போட்டது. 2000 ஜூனில் கம்பெனியை இரண்டாக உடைக்கத் தீர்ப்பு வந்தது. அடுத்த ஜூனில் மேல்முறையீட்டில் அது ரத்தானது. போட்டி பிரவுசர் கம்பெனி நெட்ஸ்கேப்போ 1999-லேயே ஏஓஎல் என்ற இணைய கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. அப்போது நான் யார் பக்கம் தெரியுமா? என் முதல் வேதாகம மென்பொருள் வசனங்களைக் காட்டியது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் எஞ்சினை வைத்துத்தான். விண்டோஸோடு சும்மா வந்ததால் எனக்குப் பாதி வேலை மிச்சம். மைக்ரோசாஃப்ட் ஜெயிக்கட்டும் என்றே இருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசி வேலை, வருஷத்துக்கு ஒரு தடவை. டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக் கிளம்பும் முன் குறிப்புகள் அனைத்தையும் வெளியே எடுத்து ஒரு பென் டிரைவில் போடுங்கள், அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். ஐயர் தன்னுடையதை வெஸ்ட்ரி (ஆலயத்தின் ஆயத்த அறை) சாவிக்கொத்தில் கோத்து வைத்திருக்கிறார்.