கொடி மாறினால் மார்க்கும் மாறுமா? ஊரிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை

ஒரே தப்பை நம் கட்சிக்காரர் செய்தால் ஒரு மார்க், மறுகட்சிக்காரர் செய்தால் வேறு மார்க் போடுகிறோமா என்று பார்க்கும் சோதனை இது. வாசகர் வட்டமோ கல்லூரி வகுப்போ, நாற்பது பேர் கூடினால் போதும். துண்டுத்தாள், பேனா, ஒரு மணி நேரம், வேறு செலவில்லை.

முதல் வேலை, தப்பைத் தேர்ந்தெடுப்பது. பெரும்பாலும் சோதனை கெடுவது இங்கேதான். கொலை என்று எழுதினால் எல்லாரும் பத்துக்குப் பத்து போட்டுவிடுவார்கள், வித்தியாசம் தெரியாது. ஆளுக்கு ஆள் கருத்து மாறக்கூடிய நடுத்தரத் தப்பு வேண்டும். இப்படி எழுதலாம்: “ஒன்றியக் கவுன்சிலர் ஒருவர் குளத்து வண்டல் 30 டிராக்டர் நடை அள்ள அனுமதி வாங்கினார். அள்ளியது 45 நடை. கூடுதல் 15 நடையும் அவர் வயலுக்கே போனது.” பாதித் தாளில் ‘ஆளுங்கட்சிக் கவுன்சிலர்’, மீதியில் ‘எதிர்க்கட்சிக் கவுன்சிலர்’ என்று இருக்கட்டும். மற்றபடி ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. ஊராட்சித் தலைவர் என்று போடாதீர்கள். அந்தத் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை.

ஊர்ப் பெயர், தெருப் பெயர், ஆள் பெயர் எதுவும் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் ஊரைச் சொன்னாலே சாதியை ஊகித்துவிடுவார்கள். பிறகு நீங்கள் அளப்பது கட்சிப் பற்றா சாதிப் பற்றா என்று பிரிக்க முடியாது.

தாள்களைக் கலைத்து, கவிழ்த்துக் கொடுங்கள். தப்பு எவ்வளவு பெரியது என்று 0 முதல் 10 வரை மார்க் போடச் சொல்லுங்கள். பேச்சு கூடாது. தாங்கள் எந்தப் பக்கம் என்பதை மார்க் போட்ட பிறகே, தாளின் பின்புறம், பெயரில்லாமல் எழுதட்டும். முன்னாலேயே கேட்டால் உஷாராகிவிடுவார்கள்.

ஆளுங்கட்சி ஆதரவாளர்களின் தாள்களை மட்டும் எடுத்து, இரண்டு வகைக்கும் தனித்தனியே சராசரி பாருங்கள், எதிர்ப்பக்கத்துக்கும் அப்படியே. ஒரு வகைக்கு ஐந்தாறு தாள்தான் தேறுகிறது என்றால் அந்த வித்தியாசத்தை நம்பாதீர்கள், இன்னொரு கூட்டத்தில் திரும்பச் செய்யுங்கள்.

முடிவைச் சொல்லும்போது யாரையும் குத்திக்காட்ட வேண்டாம். 2003-ல் உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்கள் ஒரு நலத்திட்டத்தைத் தம் கட்சி ஆதரிக்கிறது என்று தெரிந்ததும் ஏற்றார்கள். திட்டம் தாராளமானதா கறாரானதா என்பது எடுபடவில்லை. கட்சியைப் பார்த்து முடிவெடுத்ததாக அவர்கள் எண்ணவுமில்லை. அது பொய்யல்ல, அவர்களுக்கே தெரியாமல் நடப்பது.

கட்சியைத் தாண்டிக் கொள்கையைப் பார்க்க இன்னொரு தாள்: கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரியாக வசூலித்ததில் 20,000 ரூபாயை, யாரையும் கேட்காமல் பள்ளிக் கழிப்பறைக்குக் கொடுத்தார் வரிதாரர் (வரி கொடுப்பவர்கள்) குழுத் தலைவர். இங்கே மார்க்கைவிடக் காரணம் முக்கியம். ஒருவர் ‘சாமி காசு’ என்பார், ஒருவர் ‘கேட்காமல் கொடுத்தது தப்பு’ என்பார், ‘பிள்ளைகளுக்குத்தானே’ என்பார் இன்னொருவர். புனிதம், நியாயம், பிறர் துன்பம் என்று காரணங்களைத் தனித்தனியே எண்ணுங்கள். இடதுசாரி, வலதுசாரி என்ற அமெரிக்கக் கட்டத்துக்குள் நம்மூர்க்காரர்களை அடைக்க வேண்டாம். சாமி கும்பிடும் கம்யூனிஸ்ட் இங்கே அதிசயமில்லை.

சாய்வைக் குறைக்க வழி உண்டா? ‘நடுநிலையாக இருங்கள்’ என்று சொல்லிப் பயனில்லை. லார்டு, லெப்பர், பிரஸ்டன் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில் அந்த அறிவுரை எடுபடவில்லை. படித்த ஆய்வின் முடிவு எதிர்ப்பக்கமாக வந்திருந்தால் அதை இப்படியே மதிப்பிட்டிருப்பீர்களா என்று யோசிக்கச் சொன்னது பலித்தது. எனவே அடுத்த சுற்றுத் தாளில், “இதையே மறுகட்சிக்காரர் செய்திருந்தால்?” என்ற வரியை மார்க் கட்டத்துக்கு மேலே அச்சிடுங்கள். கீழே வைத்தால், போட்ட மார்க்கைக் காப்பாற்றத்தான் யோசிப்பார்கள்.