துரை முதல் கங்காணி வரை: பவர் பிஐயில் பட்ட பாடு

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து ஆபிஸில் வேலை எனக்கு. பெரிய துரை, சின்னத்துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று மேலிருந்து கீழாக உள்ள பதவிகளில் யார் யாருக்குக் கீழே என்பதை, தரவுகளை அறிக்கையாகக் காட்டும் மென்பொருளான பவர் பிஐயில் படிப்படியாக இறங்கிப் பார்க்க வேண்டுமாம். உச்சியில் இருப்பவர் முதல் அந்த ஊழியர் வரை எண்களை வரிசையாகக் கோத்துத் தரும் பாத் ஃபங்ஷனில் ஊழியர் எண்ணையும் மேலாளர் எண்ணையும் கொடுத்தேன், பிழைதான் வந்தது. தேடினால், விலகிப்போன ஒரு கணக்கப்பிள்ளையின் எண் மூன்று கங்காணிகளின் மேலாளர் கட்டத்தில் இன்னும் கிடக்கிறது, ஊழியர் பட்டியலில் ஆளே இல்லை! அதைத் திருத்தி, பெரிய துரையின் மேலாளர் கட்டத்தை வெறுமையாக விட்டதும் சரியாகிவிட்டது. அந்தக் கோவையில் எத்தனையாவது ஆள் வேண்டுமோ அவரை எடுத்துத் தரும் பாத்ஐட்டம் வைத்து, மட்டத்துக்கு ஒன்றாக ஐந்து நெடுவரிசை பிரித்தேன். சரி, முடிந்தது என்று பார்த்தால், துரைக்கு நேரே கீழே உள்ள, தனக்குக் கீழே யாரும் இல்லாத டிரைவரை விரித்தால் வெற்று வரிகள். அறிக்கையில் விரித்து நிற்கும் மட்டத்தை, எந்த நெடுவரிசை வரை விரிந்திருக்கிறது என்று சொல்லும் இஸ்இன்ஸ்கோப்பால் எண்ணி, அது அந்த வரியின் அதிகபட்ச பாத்லெங்த்தை (கோவையில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையை)த் தாண்டினால் மெஷர், அதாவது கணக்கிடும் சூத்திரம், பிளாங்க் (வெற்று மதிப்பு) தரும்படி எழுதினேன், வெற்று வரிகள் போயே போய்விட்டன.