ஹம்மிங் பறவையைக் கொல்லைக்கு வரவழைத்துப் படமெடுப்பது எப்படி?

ஹம்மிங் பறவையை நம் ஊர்ச் செய்தித்தாள்கள் பல வேளைகளில் தேன்சிட்டு என்றே எழுதிவிடுகின்றன. இரண்டும் சிறியவை, இரண்டும் பூந்தேன் குடிப்பவை என்றாலும் அவற்றுக்குள் நெருங்கிய உறவு கிடையாது. ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது. அதற்கு நெருங்கிய உறவினர், கேட்டால் வியப்பாக இருக்கும், உழவாரன் (swift) பறவைதான். படமெடுப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றி அமர்ந்தபடி குடிக்கும். ஹம்மிங் பறவையோ நொடிக்கு ஏறத்தாழ 40 முறை சிறகடித்து அந்தரத்தில் நின்றபடி குடித்துவிட்டு, உடலைத் திருப்பாமலேயே பின்னோக்கிப் பறந்து விலகும். அந்த விலகலில்தான் நமக்கான படம் இருக்கிறது.

கலிஃபோர்னியாவின் கடலோரப் பகுதிகளில் ஆண்டு முழுவதும் தங்கும் அன்னா ஹம்மிங் பறவை என்ற இனத்தை வைத்தே இதை எழுதுகிறேன். நியூ ஜெர்சி முதலான கிழக்கு மாநிலங்களில் வசிப்பவர்களுக்கு வாய்ப்பது செந்தொண்டை ஹம்மிங் பறவை; அது வசந்தத்தில் வந்து, இலையுதிர் காலத்தில் தெற்கே போய்விடும் என்பதைத் தவிர, செய்முறையில் பெரிய மாற்றம் இல்லை.

முதற்படி: சர்க்கரை நீர்

ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு கப் தண்ணீர் என்பது அளவு. கரையும் வரை சூடாக்கி, நன்றாக ஆறவைத்து ஃபீடரில், அதாவது பறவை துளை வழியே குடிப்பதற்காகத் தொங்கவிடும் கலத்தில், ஊற்றுங்கள். மீந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். வெள்ளைச் சர்க்கரை கெடுதல் என்ற நம் வீட்டு நம்பிக்கையோடு தொடக்கத்தில் நான் நாட்டுச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தப் பழுப்பு நிறத்தைப் பார்த்துவிட்டு உடனே கொட்டச் சொன்னார். அதிலுள்ள இரும்புச்சத்து இப்பறவைக்கு ஆகாது. தேனில் பூஞ்சை எளிதில் வளரும் என்பதால் அதுவும் கூடாது. சிவப்புச் சாயம் தேவையே இல்லை, ஃபீடரின் சிவப்பு மூடியே பறவையை அழைத்துவிடும். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பழைய நீரைக் கொட்டிவிட்டு, துளைகளின் உட்புறத்தில் படியும் கரும்பூஞ்சை போகும்படி, சிறு பிரஷ் கொண்டு வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். இந்த வேலைக்குச் சோம்பல் படுபவர்கள் ஃபீடர் மாட்டாமல் சால்வியா பூச்செடி வைப்பதே பறவைக்கு நல்லது.

இரண்டாம் படி: இடம்

ஜன்னல் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் மாட்டுங்கள். இடைப்பட்ட தூரத்தில்தான் வேகமெடுத்து வந்து மோதும் ஆபத்து அதிகம். ஃபீடருக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி நிழலான செடிகள் இருந்தால் படத்தின் பின்புலம் தானாகவே மங்கிவிடும். பூச்சிமருந்து அடிக்காதீர்கள், ஏனெனில் கொசு, சிலந்தி போன்ற சிற்றுயிர்களும் அதன் உணவு.

மூன்றாம் படி: கேமரா இல்லாமல் பத்து நாள்

புதியவர்கள் தாண்டிச் செல்லும் படி இதுதான், என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தருவதும் இதுதான். காலையில் பத்து நிமிடம், அந்தி சாயும்போது பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். ஓர் ஆண் பறவை ஃபீடரைத் தன் சொத்தாக எழுதி வாங்கிக்கொண்டதுபோல, ஏதோ ஓர் இலையற்ற குச்சியின் நுனியில் அமர்ந்து காவல் காப்பதையும், வேறு பறவை வந்தால் துரத்திவிட்டு அதே குச்சிக்குத் திரும்புவதையும் காண்பீர்கள். அது குடிக்கும் முறையையும் கவனியுங்கள்: அலகை நுழைத்துச் சில நொடி குடிக்கும், பின்வாங்கி ஒரு சாண் தூரத்தில் நின்று சுற்றிலும் பார்க்கும், மறுபடி நுழைக்கும். குளிர்ந்த இரவுகளில் உடல் வெப்பத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு மரத்துப்போன நிலையில் உறங்கும் பறவை என்பதால், இருட்டுவதற்குச் சற்று முன் வழக்கத்தைவிட அதிக நேரம் குடிப்பதையும் பார்க்கலாம்.

நான்காம் படி: படம்

ஃபீடரின் ஒரு துளையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை டேப்பால் மூடினால், பறவை எங்கே நிற்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். 300 மி.மீ. லென்ஸைத் தாங்கியில் பொருத்தி, ஃபீடரின் மீது அல்லாமல், பறவை பின்வாங்கி நிற்கும் வெற்றிடத்தின் மீது ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். ஷட்டர் வேகம் 1/3200 நொடி, லென்ஸின் துளை எஃப் 5.6, தொடர் படமெடுப்பு முறை. வெளிச்சம் போதாவிட்டால் கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 1600 வரை தயங்காமல் ஏற்றுங்கள். இறகுகள் கல்லில் செதுக்கியதுபோல் உறைந்து நிற்கும் படம் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, எனவே சில வேளைகளில் 1/500 வைத்துச் சிறகை மங்கலாகவே விடுகிறேன். செல்போன் மட்டும் வைத்திருப்பவர்கள் அதை ஃபீடருக்கு ஓரடி தூரத்தில் நிறுத்தி, நொடிக்கு 240 ஃபிரேம் ஓடும் ஸ்லோமோஷனில் பதிவு செய்யுங்கள். ஒரு சிறகடிப்புக்கு ஆறு ஃபிரேம் கிடைக்கும்.

ஆண் பறவையின் கழுத்து படத்தில் கறுப்பாக விழுகிறதே என்று பலர் கேமராவைக் குறை சொல்கிறார்கள். அந்தக் கழுத்தின் ரோஜா நிறம் சாயத்தால் வருவதன்று, இறகின் நுண்ணமைப்பு ஒளியைத் திருப்பியனுப்புவதால் வருவது. சூரியன் உங்கள் முதுகுப்புறம் தாழ்வாக இருக்கும் நேரத்தில், பறவை தலையை உங்கள் பக்கம் திருப்பும் நொடியில் அது தணல்போல் எரியும். அரை அங்குலம் திரும்பினால் மறுபடி கறுத்துவிடும். ஆகவே ஒரு படத்தோடு நிறுத்தாதீர்கள்.

அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓக் மரத்தின் கொட்டையை மண்ணில் புதைக்கும் ஸ்க்ரப் ஜே பறவை, வேலியில் ஓடும் நரிநிற அணில் ஆகியவற்றையும் எடுக்கலாம். அவற்றுக்கு 1/1000 நொடியே தாராளம்.

கூட்டைக் கண்டால் மட்டும் விதி வேறு. சிலந்தி நூலால் பின்னி, மேலே பாசியொட்டி மறைத்த அந்தச் சிறு கிண்ணத்தில் வழக்கமாக இரண்டு முட்டைகள் இருக்கும். அடைகாப்பதும் ஊட்டுவதும் தாய்ப்பறவை ஒன்றே. படத்துக்கு இடைஞ்சல் என்று ஓர் இலையைக்கூட ஒதுக்காதீர்கள், அதுதான் குஞ்சுகளுக்கு நிழல். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைப்பது அமெரிக்காவின் 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் சட்டப்படி குற்றம். அன்னா ஹம்மிங் பறவை டிசம்பரிலேயே கூடு கட்டத் தொடங்கிவிடும் என்பதால், குளிர்காலத்தில் மரம் கழிப்பவரை அழைப்பதற்கு முன் கிளைகளை ஒருமுறை பைனாகுலரில் பார்த்துவிடுங்கள்.