வெள்ளை பெல்ட்டிலிருந்து மஞ்சளுக்கு: முதல் கிரேடிங்கும் அந்த 270 பாகைத் திருப்பமும்

மகளைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்து அலுத்துப்போய், 34 வயதில் நானும் உள்ளே போய் வரிசையின் கடைசியில் நின்றேன். முதல் கிரேடிங்கில் (பெல்ட் பரீட்சையில்) அவளுக்கு மஞ்சள் கிடைத்தது. எனக்கு, "நல்லாச் செய்தீங்கள், ஆனால் அடுத்த முறை வாங்கோ" என்ற பதில். காரணம் ஒரே ஒரு திருப்பம். அடுத்த மூன்று மாதமும் அதோடேயே கிடந்து சரிசெய்தேன். இப்போது பச்சை கட்டுகிறேன். திருகோணமலையில் உவர்மலை, உப்புவெளிப் பக்கமிருந்து புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கிற அம்மாமார் கேட்பதெல்லாம் இதைச் சுற்றியே இருப்பதால், ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நான் எழுதுவது ஷொட்டோகான் என்ற கராத்தே பாணியைப் பற்றி. கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ போன்ற வேறு பாணிகள் என்றால் காட்டாக்கள் (தனியாகச் செய்யும் நிர்ணயித்த அசைவு வரிசைகள்) மாறும். ஷொட்டோகானுக்குள்ளேயே பெல்ட் நிறங்களும் வரிசையும் சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும், ஆகவே உங்கள் சென்செய் (ஆசிரியர்) தரும் பாடத்திட்டத் தாள்தான் கடைசி வார்த்தை. பெல்ட் படிகளைக் குறிக்கும் கியூ எண்கள் மேலிருந்து கீழே இறங்கும், 1ஆம் கியூவுக்குப் பிறகு கறுப்பு பெல்ட், அதிலிருந்து டான் எண்கள் மேலே ஏறும். இந்தப் படிமுறை கராத்தேயில் பிறந்ததே இல்லை. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1880களில் தொடங்கியதை, ஒக்கினாவாவிலிருந்து 1922இல் டோக்கியோ வந்த பூனாகோஷி கிச்சின் 1924இல் தன் மாணவர்களுக்கு எடுத்துக்கொண்டார். ஆயிரம் வருட ரகசியம் ஒன்றும் இதில் இல்லை என்று தெரிந்த பிறகு எனக்குப் பயம் பாதி குறைந்தது.

பரீட்சையில் மூன்று பகுதி: கிஹொன், காட்டா, குமித்தே (இருவர் எதிரெதிரே நின்று செய்வது).

கிஹொன் என்றால் அடிப்படை. ஓய் சுகி (அடி வைத்துக் குத்து), அகே உகே (மேல்தடுப்பு), சொத்தோ உகே (வெளியிலிருந்து உள்ளே தடுப்பு), மாய் கெரி (முன் உதை). முன்னுக்கு ஐந்து அடி, "மாவத்தே" என்றதும் திரும்பி மறுபடி ஐந்து. வகுப்புக்கு ஒழுங்காகப் போனால் இது தானாக வரும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: கட்டளைகளைக் காதால் பழகுங்கள். யோய் (தயார்), ஹஜிமே (தொடங்கு), யமே (நிறுத்து). பரீட்சகர் வெளியூரிலிருந்து வந்திருப்பார், அவர் உச்சரிப்பு வேறு மாதிரி இருக்கும், பக்கத்தில் நிற்பவர் அசைவதைப் பார்த்து அசைந்தால் அரை வினாடி பிந்துவீர்கள், அது அப்படியே தெரியும்.

குமித்தேயில் முதல் கட்டத்துக்குப் பெரும்பாலும் கோஹொன் குமித்தே. எதிராளி "ஜோதான்" என்று சொல்லி ஐந்து முறை முகத்துக்குக் குத்திக்கொண்டு முன்னேறுவார், நீங்கள் ஐந்து முறை அகே உகேயால் தடுத்துக்கொண்டு பின்னேறி, கடைசித் தடுப்பு முடிந்ததும் கியாய் (உரத்த சத்தம்) போட்டு ஒரு கியாக்கு சுகி (எதிர்க்கைக் குத்து). அவர் வைக்கிற அடியின் நீளத்துக்கே நீங்களும் பின்வாங்க வேண்டும். கூடப் போனால் கடைசிக் குத்து எட்டாது.

சரி, காட்டாவுக்கு வருவோம். ஹேயான் ஷொதான், 21 அசைவு. (சில இடங்களில் இதற்கு முன் தைக்கியோக்கு ஷொதான் என்ற 20 அசைவுக் காட்டா கேட்பார்கள். அங்கேயும் இதே திருப்பம் உண்டு.) ஒன்பதாவது அசைவு வலது காலை முன்வைத்து மூன்றாவது அகே உகே, முதல் கியாய். இவ்வளவும் எல்லாரும் அழகாகச் செய்வார்கள். பத்தாவதில்தான் சங்கடம். வலது காலை ஊன்றி, இடது காலைப் பின்னாலே சுற்றி எடுத்து, இடப்பக்கமாக 270 பாகை திரும்பி, கெதான் பராயில் (கீழ்த்தடுப்பில்) இறங்க வேண்டும். கியாய் போட்ட வேகத்தில் மூச்சு வெளியே போய்விட்டது, உடம்பு முக்கால் வட்டம் சுற்றுகிறது, கண்ணுக்கு முன்னால் சுவர் மாறுகிறது. நான் இறங்கியபோது இரண்டு பாதமும் கயிற்றின்மேல் நடப்பவளுடையது போல ஒரே கோட்டில் நின்றன. இடுப்பு ஆடியது. தடுத்த கை ஆடியது. ஒரு கணம் பின்கால் குதி எழும்பிவிட்டது, பரீட்சகர் தாளில் ஏதோ எழுதியது எனக்குத் தெரிந்தது.

என் கால் பலவீனம் என்றுதான் அப்போது நினைத்தேன். தினமும் குந்தி எழும்பினேன், மாடிப்படி ஏறினேன், ஒரு மாதம் வீணாகப் போனது. இடது பாதம் போய் இறங்கும் இடம் பிழை, அவ்வளவுதான். சென்குட்சு தாச்சியில் (முன்கால் மடித்த நீண்ட நிலையில்) முன்பாதத்துக்கும் பின்பாதத்துக்கும் நடுவில் பக்கவாட்டில் தோள் அகல இடைவெளி இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். நேராக நடக்கும்போது அது தானாக வரும். 270 பாகை சுற்றும்போது வராது, நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். ஒன்பதாவது அசைவில் நில்லுங்கள். வலது பாதத்துக்கு நடுவாக, இடம் வலமாக ஒரு கோடு நீள்வதாக நினையுங்கள். இடது கால் இப்போது அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அது சுற்றிப் போய் வலப்பக்கம் இறங்கும்போது அந்தக் கோட்டின்மேல் இறங்கினால் நான் நின்ற கயிற்று நிலை. கோட்டுக்குப் பின்னாலேயே இறங்கினால் கால் பின்னிக்கொள்ளும். கோட்டைத் தாண்டி, நீங்கள் கியாய் போட்டபோது பார்த்துக்கொண்டிருந்த பக்கமாக ஒரு தோள் அகலம் உள்ளே போய் இறங்க வேண்டும். இது சொல்லித் தெரிவதில்லை, காலால் ஒருமுறை செய்தால்தான் விளங்கும். முதலில் கையை விட்டுவிட்டு மெதுவாகப் பாதத்தை மட்டும் வையுங்கள். இறங்கிய பிறகு தலையைத் திருப்பாதீர்கள், பாதம் நகரும்போதே புதுத் திசையைப் பார்த்துவிடுங்கள். இடுப்பும் கையும் கடைசியில்.

இதற்கு எனக்குக் கைகொடுத்தது டச்சு விரிகுடா மணல். விடிய ஐந்தரைக்குப் போய், அலை வந்து போன ஈரமணலில், தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றி அடையாளம் வைத்துவிட்டு ஒரு முறை காட்டா செய்வேன். அப்புறம் திரும்பி நின்று தடத்தைப் பார்ப்பேன். எது குறுகல், எது நீட்டு, எந்தத் திருப்பத்தில் குதி உழுதிருக்கிறது என்று எல்லாம் அப்படியே கிடக்கும். காட்டா தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும் என்பதால் செருப்பிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறேன் என்பதும் தெரிந்துவிடும். கண்ணாடி முன்னால் பழகுவதை நான் விரும்புவதில்லை, திரும்பியதும் கண்ணாடி முதுகுக்குப் போய்விடும், அதைத் தேடித் தலை திரும்பும். போனில் வீடியோ எடுப்பதென்றால் பின்பக்கமிருந்து, இடுப்பு உயரத்தில் வைத்து எடுங்கள். ஆனால் மணலுக்கு ஈடில்லை. விடியற்காலையில் கோட்டைப் பக்கத்து மான்கள் சிலவேளை வந்து நிற்கும், பயப்படாது, நீங்களும் கியாய் போட்டுத் துரத்தாதீர்கள்.

அதே 270 பாகை பதினேழாவது அசைவின் இரண்டாவது கியாய்க்குப் பிறகு மறுபடி வரும். அங்கே இறங்குவது ஷுத்தோ உகேயோடு (கைவிளிம்புத் தடுப்பு) கோகுட்சு தாச்சியில் (பின்காலில் பாரம் வைக்கும் நிலை). அதில் இரண்டு குதிகளும் ஒரே கோட்டில்தான் இருக்க வேண்டும், பாரம் பின்காலில் ஏறத்தாழ 70 வீதம். முதல் திருப்பத்துக்குக் கோட்டைத் தாண்டுங்கள், இரண்டாவதற்குத் தாண்டாதீர்கள். முதலாவதைத் திருத்திய வேகத்தில் இரண்டாவதையும் அகலமாக வைத்துக் கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

உடை: கச்சான் காற்றுக் காலத்தில் நம்மூர் மண்டபத்தில் தடித்த முழுப் பருத்திக் கி (கராத்தே உடை) போட்டுப் பரீட்சை செய்வது வேதனை. கனமான துணி குத்தும்போது "டப்" என்று சத்தம் தரும் என்று சொல்லி விற்பார்கள். மெல்லிய கலப்புத் துணியை வாங்குங்கள், மஞ்சள் பெல்ட்டுக்கு அந்தச் சத்தம் தேவையில்லை. முழுப் பருத்திதான் வேண்டுமென்றால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள், துவைத்தால் சுருங்கும். புது பெல்ட் விறைப்பாக இருந்து அவிழும், ஒரு வாரம் முன்பே கட்டிக் கட்டிப் பழக்குங்கள்.

பிற்சேர்க்கை 1: ஒரு அக்கா எழுதியிருந்தார், மகன் ஷிட்டோ ரியூ, யூரியூப்பில் "பினான் ஷொதான்" பார்த்துப் பழகிப் போனானாம், வகுப்பில் எல்லாரும் வேறொன்று செய்தார்களாம். ஹேயானும் பினானும் ஒரே குடும்பம், பூனாகோஷிதான் பெயரை மாற்றினார், மாற்றும்போது முதலிரண்டின் வரிசையையும் மாற்றிவிட்டார். ஆகவே நம்முடைய ஹேயான் ஷொதான் அவர்களுக்குப் பினான் நிதான். அங்கே பல இடங்களில் பினான் நிதானைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். பெயரை நம்பித் தேடாமல் முதல் அசைவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்: இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு என்றால் நம்முடைய ஹேயான் ஷொதான்.

பிற்சேர்க்கை 2: மாரியில் கடல் கொந்தளிக்கும்போது என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். விறாந்தைச் சீமெந்துத் தரை போதும். காலை நனைத்துத் தடம் பார்க்கலாம் என்று நான் முதலில் ஒருவருக்குச் சொன்னேன், அது பிழை, திரும்பும்போது வழுக்கும். வெண்கட்டியைப் பொடித்து உள்ளங்காலில் தடவிக்கொள்ளுங்கள். தடம் விழும். பத்தாவது அசைவுக்கு மட்டும் தரையில் அந்தக் குறுக்குக் கோட்டையும் கீறிவிடுங்கள்.