வீட்டு வைஃபையில் யார் யார்? என்மேப்பை சூடோவுடன் ஓட்டுங்கள்

வீட்டு நெட்வொர்க்கில் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று லினக்ஸ் டெர்மினலில் பார்க்கும்போது, நெட்வொர்க்கைத் துழாவும் என்மேப் (nmap) கட்டளைக்கு முன்னால் சூடோ (sudo, நிர்வாகி உரிமையுடன் ஓட்டும் கட்டளை) சேர்த்துக்கொள்ளுங்கள். சூடோ, என்மேப், ஒரு கோடு போட்டு சின்ன எழுத்தில் எஸ்என், கடைசியில் உங்கள் முகவரி வரம்பு, பல வீடுகளில் 192.168.1.0/24. அதாவது sudo nmap -sn 192.168.1.0/24, அவ்வளவுதான். வரம்பு தெரியாவிட்டால் ஐபி ரூட் (ip route) கட்டளை காட்டிவிடும்.

சூடோ இல்லாமல் ஓட்டினால் என்மேப் ஒவ்வொரு முகவரியிலும் 80, 443 என்ற போர்ட்டுகளை (இணைப்பு வாசல்களை) தட்டிப் பார்ப்பதோடு சரி. ஃபயர்வால் உள்ள கணினி பதிலே சொல்லாமல் ஒளிந்துகொள்ளும். சூடோவுடன் ஓட்டினால் ஏஆர்பி மூலம், அதாவது 'இந்த ஐபி முகவரி யாருடையது?' என்று உள் நெட்வொர்க்கில் விசாரிக்கும் முறையில், கேட்கும். ஒரே நெட்வொர்க்கில் பேச வேண்டிய எந்தச் சாதனமும் ஏஆர்பிக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், அதனால் பிங்கை ('இருக்கிறாயா?' என்று கேட்கும் சோதனைச் செய்தியை) தடுத்து வைத்திருப்பவையும் பட்டியலில் வந்துவிடும். கூடவே மேக் முகவரியும் (சாதனத்தின் நெட்வொர்க் வன்பொருள் அடையாள எண்) தயாரிப்பாளர் பெயரும் கிடைக்கும். தெரியாத சாதனம் எது என்று கண்டுபிடிக்க இதுதான் உண்மையில் உதவுகிறது.

ரவுட்டருக்கு அப்பால் இருக்கும் நெட்வொர்க்குக்கு இது பலிக்காது. கெஸ்ட் வைஃபையிலும் பெரும்பாலும் ரவுட்டர் மட்டுமே தெரியும். இப்போதைய கைப்பேசிகள் மேக் முகவரியை மாற்றிக் காட்டுவதால் அவற்றுக்குத் தயாரிப்பாளர் பெயர் பெரும்பாலும் வராது. தூங்கும் கைப்பேசி விட்டுப்போகலாம், இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். அலுவலக நெட்வொர்க்கில் அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம்.