சென்சிங்கா, இன்ட்யூட்டிவா? கணக்குத் தப்பும் இடங்கள்

சேலத்துக் கல்லூரிப் பிள்ளைகளின் இன்ஸ்டா பக்கங்களில் பெயருக்குக் கீழே, மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற ஆளுமைத் தேர்வு தரும் நான்கு எழுத்து போட்டுக்கொள்வது இப்போது சகஜம். அதில் முதல் எழுத்துக்குப் பெரிய தகராறு வருவதில்லை. கலகலப்பா, ஒதுங்கிப் போகிறவரா என்பது தெருவுக்கே தெரியும். சிக்கல் இரண்டாவது எழுத்தில்தான். ‘எஸ்’ (S, சென்சிங்) ஆ, ‘என்’ (N, இன்ட்யூட்டிவ்) ஆ என்பதில் பலர் தப்பான பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பிறகு அதற்கேற்ப நடக்கவும் ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் எழுதிய வகைப்பாடுதான் இதற்கு அடிப்படை. அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் அதைக் கேள்வித்தாளாக்கினார்கள். கண்முன் இருப்பதையும் நடந்ததையும் உள்ளபடி பிடித்துக்கொள்வது சென்சிங். அதிலிருந்து சட்டென்று அதன் தொடர்புக்கும் போக்குக்கும், இனி என்ன ஆகலாம் என்பதற்கும் தாவுவது இன்ட்யூஷன். இரண்டும் எல்லாரிடமும் உண்டு. எது முதலில் ஓடுகிறது, எதை அதிகம் நம்புகிறோம் என்பதுதான் கேள்வி.

முதல் தவறு, பெருமைக்காக ‘என்’ பக்கம் சாய்வது. இணையத்தில் இருக்கும் விவரிப்புகளைப் படித்தாலே காரணம் புரியும். இன்ட்யூட்டிவ் என்றால் தொலைநோக்கு, கற்பனை, ஆழம் என்று அடுக்குவார்கள். சென்சிங்குக்கு வரும் பாராட்டோ ‘பொறுப்பானவர், நம்பலாம்’ என்று டி.சி.யில் எழுதும் நன்னடத்தைக் குறிப்பு மாதிரி இருக்கும். யார் அதைப் போய் எடுப்பார்கள்? இந்த எழுத்துக்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தமில்லை. ‘படிச்சதும் அப்படியே என்னைப் பத்தி எழுதின மாதிரி இருந்துச்சு’ என்பதையும் சாட்சியாக எடுக்காதீர்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, எல்லாருக்கும் ஒரே விவரிப்பைத் தனித்தனி முடிவுபோலக் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5-க்கு சுமார் 4.3.

அடுத்தது, தொழிலை வைத்து ஆளை முடிவு கட்டுவது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். அருகருகே உட்கார்ந்து பற்றவைக்கிற இருவரின் கண்ணும் கையும் முத்தளவு இடத்தைவிட்டு நகராது. இரண்டு பேரும் சென்சிங் என்று எழுதிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். டீ வந்ததும் கடையிலிருந்து வந்த புது மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்துப் பேசவிடுங்கள். ஒருவர் திருப்பிப் பார்த்து, “இது போன தீபாவளிக்கு வந்ததுதாண்ணே. கொக்கிய மட்டும் மாத்தியிருக்கான், கம்பி கொஞ்சம் மெலிசு” என்பார். மற்றவர் அதை முழுசாகப் பார்த்தாரா என்றே தெரியாது. “இனிமே கனமான கொலுசெல்லாம் கல்யாணத்துக்கு மட்டும்தான் தம்பி. ஆபீஸ் போற புள்ளைங்க ஒத்தக் கால்ல நூலாட்டம் ஒண்ணு போட்டுட்டுப் போயிரும். நாம அதுக்கு இப்பவே அச்சு எடுக்கோணும்” என்று எங்கோ போய்விடுவார். வேலைத்திறமை இருவருக்கும் ஒன்றுதான். கை வேலையிலிருந்து விடுபட்டதும் மனம் எங்கே ஓடியது என்பதில்தான் வித்தியாசம். ஐ.டி. வேலையில் இருப்பவரெல்லாம் ‘என்’, கணக்கு எழுதுபவரெல்லாம் ‘எஸ்’ என்பதும் இதே தப்புத்தான்.

வருவதைச் சொல்வதெல்லாம் இன்ட்யூஷன் என்று நினைப்பது இன்னொன்று, கொஞ்சம் நுணுக்கமானது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கோடையில் பூமழை, அதாவது காப்பியைப் பூக்கவைக்கும் மழை, பெய்த மறுநாள் மேஸ்திரி மொட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “பத்து நாள்ல பூத்துரும், ஆனா மேக்காட்டுக்கு இந்த மழை பத்தாது” என்கிறார். அப்படியே நடக்கிறது. ஞான திருஷ்டி இல்லை. பல வருடத்து மொட்டும் மழையும் அவர் நினைவில் வரிசையாக இருக்கின்றன, இன்றையதை அதோடு ஒப்பிட்டார். இந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறவர்கள் உள்முகச் சென்சிங் என்று சொல்வது இதற்கு நெருக்கமானது. ‘மனசுல பட்சி சொல்லுச்சு’ என்கிற சமாச்சாரமும் வேறு. அது எந்த வகை ஆளுக்கும் சொல்லும்.

மேசை ஒழுங்காக இருக்கிறது, பட்டியல் போட்டு வேலை செய்கிறார், ஆகவே ‘எஸ்’ என்பார்கள். அது, திட்டமிட்டு நடப்பவரா, போகிறபோக்கில் போகிறவரா என்று சொல்லும் நான்காவது எழுத்தின் விஷயம். அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ‘என்’ என்பதும் அப்படியே. அவர் முதல் எழுத்தில் ‘ஐ’யாக (I, ஒதுங்கிப் போகிறவராக) இருக்கலாம், அல்லது வெறும் தூக்கக் கலக்கமாக இருக்கலாம்.

கேள்வித்தாளை எந்த மனநிலையில் நிரப்புகிறோம் என்பதையும் பாருங்கள். ஆடிட் நேரத்தில் நிரப்பினால் எல்லாரும் விவரக்காரர்தான். அம்மா சொல்லிச் சொல்லிப் பதிந்த சொற்களும் பதிலில் வந்து உட்காரும். “எப்பப் பாரு கனவு கண்டுட்டே இருக்கான்” என்று அவர் சொல்வது உங்கள் கையிலிருக்கும் செல்போனைப் பற்றியும் இருக்கலாம்.

இதைவிட உருப்படியான வழி ஒன்று உண்டு. நண்பரோடு ஏற்காடு மலைக்குப் போய், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி, அதைப் பற்றிப் பேசிக்கொள்வதற்கு முன்பே ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். யார் அதிக விவரம் எழுதினார் என்று எண்ண வேண்டாம். எதில் தொடங்கினீர்கள், எதை விட்டதே தெரியாமல் விட்டீர்கள் என்று பாருங்கள். ஒருவர் பஜ்ஜிக் கடை, மூடுபனி, ஏரிப் படகுக்கு நின்ற வரிசை என்று போயிருப்பார். மற்றவர் ‘ரிசார்ட் இப்படிப் பெருகினால்’ என்று ஆரம்பித்திருப்பார். ஒருமுறை செய்து முடிவு கட்டாதீர்கள். சினிமா, கல்யாணம், ஆபீஸ் மீட்டிங் எதற்கும் இதையே செய்யலாம்.

இத்தனைக்கும் பிறகு தெளிவாக வரவில்லையென்றால் உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை. மதிப்பெண்கள் இரண்டு குவியலாகப் பிரிவதில்லை. நடுப்பக்கம்தான் கூட்டம் அதிகம். நடுவில் நிற்பவருக்கு அடுத்த மாதம் எழுதினால் எழுத்து மாறிவிடலாம். மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை வெளியிடும் நிறுவனமே இதை வைத்து வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது என்கிறது. எந்த வகை பொருந்துகிறது என்ற இறுதி முடிவையும் எழுதினவரிடமே விடுகிறது. ஐம்பத்திரண்டு சதவீத ‘என்’னைச் சுமந்துகொண்டு இன்னும் நாலு இலவசத் தேர்வு தேடுவதைவிட, அந்த இடத்தில் ஒரு ‘எக்ஸ்’ போட்டுவிடலாம். பலர் அப்படித்தான் போடுகிறார்கள்.