ரிப்போர்ட் கார்டின் முதல் பக்கம்

ரொறன்ரோவுக்கு வந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. முதல் ரிப்போர்ட் கார்ட் கைக்கு வந்ததும் நாங்கள் எல்லோரும் நேரே கணிதத்துக்குத்தான் போவோம். நீங்கள் கொஞ்சம் பொறுத்து முதல் பக்கத்தை வாசியுங்கள்.

ஒன்ராறியோவில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை அந்தப் பக்கத்தில் ஆறு விஷயங்கள் இருக்கும்: பொறுப்பு, ஒழுங்கு, தனியாக வேலை செய்தல், மற்றவர்களோடு கூடி வேலை செய்தல், தானாக முன்வருதல், தன்னைத் தானே கட்டுப்படுத்தல். ஒவ்வொன்றுக்கும் ஈ, ஜி, எஸ், என் (E, G, S, N) என்று ஓர் எழுத்துப் போடுவார்கள். ‘ஈ’ என்றால் மிக நன்று, ‘ஜி’ என்றால் நன்று, ‘எஸ்’ என்றால் திருப்தி. ‘என்’ என்றால் இன்னும் முன்னேற வேண்டும் என்று அர்த்தம்.

என் மகனுக்கு நாங்கள் வந்த வருடம் கணிதத்தில் ‘ஏ’. கூடி வேலை செய்வதில் ‘என்’. ‘ஏ’யைப் பார்த்த சந்தோஷத்தில் தாளை மடித்து வைத்துவிட்டேன். பிறகு சாப்பாட்டுப் பெட்டி மூடிகூடத் திறக்காமல் வீட்டுக்குத் திரும்பி வரத் தொடங்கியது. யாருக்குப் பக்கத்தில் இருப்பது என்று தெரியாமல் பிள்ளை பசியோடு இருந்திருக்கிறான். ஆசிரியை முன்பே எழுதித் தந்திருந்தார், நான்தான் வாசிக்கவில்லை.

அதனால் ஓர் எழுத்தைப் பார்த்து மனம் உறுத்தினால் அடுத்த ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவும் செட்டில்மென்ட் வேர்க்கர் எந்த நாளில் வருவார் என்று பள்ளிக்கூட அலுவலகத்தில் கேளுங்கள். மத்திய அரசின் பணத்தில், குடிவரவு உதவி அமைப்புகளும் கல்விச் சபைகளும் சேர்ந்து நடத்தும் ‘ஸ்விஸ்’ (SWIS, Settlement Workers in Schools) திட்டத்தில் வேலை செய்பவர்கள் இவர்கள். சேவை இலவசம். தமிழ் பேசுபவர்களும் இருக்கிறார்கள். ஆசிரியையோடு கதைக்கும்போது கூட இருப்பார்கள், பின்னேர வகுப்புகளையும் விளையாட்டுக் கழகங்களையும் காட்டித் தருவார்கள். வந்த புதிதில் ஒரு நண்பன் கிடைப்பது அங்கேதான்.

பிள்ளையைக் கல்விச் சபையின் சமூகப் பணியாளர் பார்த்தால் நல்லது என்று அதிபர் சொன்னால் பயப்படாதீர்கள். “விசர் என்று எழுதிப்போடுவினமோ” என்று என்னிடம் கேட்ட தாய்மார் பலர். அப்படியில்லை. ஊரையும் அம்மம்மாவையும் விட்டுவந்த பிள்ளைக்குக் கதைக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். உங்களிடம் சொல்லத் தயங்கும் வளர்ந்த பிள்ளைக்கு, பிள்ளைகள் மனம்விட்டுக் கதைக்கக்கூடிய ‘கிட்ஸ் ஹெல்ப் போன்’ உதவித் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுங்கள்: 1-800-668-6868. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம்.

விசா நிலைமை சரியில்லை என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கும் ஒன்று. பெற்றோரின் குடிவரவு நிலையைக் காரணம் காட்டி 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவு சொல்கிறது.

ஆசிரியரைச் சந்திக்க அழைத்தால் கொஞ்ச நேரம்தான் தருவார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உள்ளே போனதும் புள்ளியைப் பிறகு கேட்கலாம். முதலில் இதைக் கேளுங்கள்: “இடைவேளையில் என் பிள்ளை யாரோடு விளையாடுகிறான்?”